ராத்தாவின் ரிப்போட்

அரபுக் கல்லூரியில் பிக்ஹு கிதாபைத் திறந்தால் முதலில் வருவது தண்ணீரின் பாடம். சில பக்கங்கள் தள்ளி ஹைழ், நிபாஸ், இஸ்திஹாழா பற்றிய பாடம் வரும். பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்களுக்கு அதை நடத்தும்போது உஸ்தாதும் தலையைக் குனிந்துகொண்டுதான் வாசிப்பார். நாங்களும் குனிந்துகொண்டுதான் கேட்போம். பிறகு மௌலவியாகி ஊருக்கு வந்து, பெண்கள் மத்ரஸாவில் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து அதே பாடத்தை நான் நடத்தத் தொடங்கி இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது.

இந்த வருடங்களில் சிறு பிள்ளைகளின் கையில் துண்டுக் கடதாசியாக என்னிடம் வந்து சேர்ந்த கேள்விகளில் பாதி இரத்தம் பற்றியவை. "மாதவிடாய் நின்று நாலு வருஷம். இப்போது திரும்பவும் காண்கிறது. தொழலாமா, கூடாதா?" இப்படி எத்தனையோ. நமது ஷாபிஈ மத்ஹபில் ஹைழ் முடிவதற்கென்று உறுதியான கடைசி வயது வரையறுக்கப்படவில்லை. ஆகவே நாட்களைக் கணக்கிட்டுச் சட்டம் சொல்லிவிடலாம். நான் சட்டத்தை எழுதிவிட்டு அதே துண்டின் அடியில், "இந்தக் கிழமைக்குள் டொக்டரிடம் காட்டுங்கள்" என்றும் எழுதி அனுப்புவேன். தொழலாமா என்பதற்குக் கிதாபில் பதில் இருக்கிறது. இரத்தம் ஏன் வந்தது என்பதைக் கிதாபு சொல்லாது. மாதவிடாய் நின்ற பிறகு காணும் இரத்தம் ஒரு துளியானாலும் வைத்தியர் பார்க்க வேண்டிய விடயம்.

இஸ்திஹாழா பாடத்தில் பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்ட செய்தியைப் படித்திருப்பீர்கள். அதற்குக் கிடைத்த விடையில் 'இர்க்' என்று ஒரு சொல் வருகிறது. இரத்தக் குழாய் என்று பொருள். பதினெட்டு வயதில் மனனம் செய்த அந்தச் சொல், என் மூத்த சகோதரியின் வைத்தியசாலைக் கோப்பைக் கையில் வைத்திருந்த நாட்களில் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஹதீஸில் புற்றுநோய் பற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விஞ்ஞானத்தில் எதைக் கண்டாலும் அதைக் கொண்டுவந்து ஹதீஸோடு வலிந்து பொருத்துவது எனக்குப் பிடிக்காத வேலை. ராத்தாவின் நோயும் ஒரு வகையில் இரத்தக் குழாய்களின் கதை என்பதால் அந்தச் சொல் நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான்.

2023ஆம் ஆண்டு நோன்பு மாதம். இப்தாருக்கு ஒரு கோப்பைக் கஞ்சியைக்கூட ராத்தாவால் முடிக்க இயலவில்லை. "ரெண்டு வாய் குடிச்சா வயிறு நிறைஞ்சு போகுது தம்பி" என்பார். நோன்பு காலத்தில் வயிறு சுருங்குவது வழமைதானே என்று எல்லோரும் நினைத்தோம். பெருநாளைக்குத் தைத்த சட்டை இடுப்பில் இறுகியது. வயது 58. இந்த வயதில் பெருப்பது இயல்பு என்றார்கள். அபாயா போடுகிறவர்களின் வயிறு பெருப்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போனார். சீனி வியாதியாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். வாயு என்று இன்னொருவர் இஞ்சி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். நான் தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். கஸ்ட்ரைட்டிஸ் என்று ஒரு டொக்டரிடம் குளிசையும் வாங்கினார். எல்லாம் சேர்ந்து இரண்டரை மாதம் ஓடியது. வயிற்றை ஸ்கேன் செய்தபோது உள்ளே தண்ணீர் கட்டியிருந்தது. சூலகத்தில் ஒரு கட்டியும் தெரிந்தது.

சூலகம் என்பது கருப்பையின் இரு புறமும் வாதுமைக் கொட்டை அளவில் இருக்கும் உறுப்பு. முட்டை உருவாவது அங்கேதான். வயிற்றின் அடியில் ஆழத்தில் இருப்பதால் அங்கே கட்டி வளர்ந்தாலும் கைக்குத் தட்டுப்படாது, ஆரம்பத்தில் வலிக்காது. 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதே ஆண்டில் இதனால் இறந்தார்கள். பெரும்பாலானோருக்கு நோய் வயிற்றுக்குள் பரவிய பிறகே தெரிய வருவதுதான் இவ்வளவு மரணத்துக்கும் காரணம்.

நான்கு அறிகுறிகளைச் சகோதரிகள் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வயிறு உப்புவது, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துபோவது, அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி, அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருவது. இவை எல்லோருக்கும் எப்போதாவது வருபவைதான். ஒரு வருடத்துக்குள் புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் இருந்தால் அப்போதுதான் சந்தேகிக்க வேண்டும் என்று 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் பார்பரா கோஃப் என்ற பெண் வைத்தியரும் அவருடன் இருந்தவர்களும் வரையறுத்தார்கள். ஹைழுக்கு நாள் கணக்கு வைக்கத் தெரிந்த நமது பெண்களுக்கு இந்தக் கணக்கை வைப்பது கஷ்டமில்லை. கலண்டரில் ஒரு புள்ளி போட்டால் போதும்.

இனி ரிப்போட்டுக்கு வருகிறேன். கோப்பில் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக இருந்தன. சி.ஏ. 125 என்று ஒன்று, அதற்கு நேரே 1140. சத்திரசிகிச்சைக்குப் பின் வந்த தாளில் கே.ஐ. 67 என்று ஒன்று, அதற்கு நேரே 70 வீதம். வீட்டில் எல்லோருடைய கண்ணும் எண்களில்தான். படித்த பிள்ளைகள் போனில் தேடி ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். என் இன்னொரு சகோதரியின் மகன், எனக்கு மருமகன் முறை, பேராதனையில் மருத்துவம் படித்தவர். அவர் இரண்டு இரவுகள் என்னோடு உட்கார்ந்து விளங்கப்படுத்தினார். பிறகு நானே சிகிச்சை அளித்த டொக்டரிடமும் கேட்டுத் தெளிந்துகொண்டேன்.

சி.ஏ. 125 என்பது ஒரு புரதம். 1981ஆம் ஆண்டு றொபர்ட் பாஸ்ட் என்ற அமெரிக்க வைத்தியரும் அவரது குழுவினரும் சூலகப் புற்றுக் கலங்களை அடையாளம் காணும் பொருள் ஒன்றைத் தேடி, ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். 125ஆவதாகச் சோதித்தது பொருந்தியது. அந்த எண்ணே பெயராக நின்றுவிட்டது. இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 35 அலகுகள் வரை சாதாரணம் என்று கொள்கிறார்கள். வயிற்றுக்குள் நோய் பரவியவர்களில் 100 பேருக்கு 80 பேரளவில் இது கூடியிருக்கும். நோய் சூலகத்தோடு நிற்கும் ஆரம்ப நிலையிலோ பாதிப் பேருக்குத்தான் கூடும். மற்றப் பாதிப் பேருக்கு நோய் இருந்தும் எண் 35க்குக் கீழேயே இருக்கும்.

இன்னொரு பக்கம், நோயே இல்லாதவருக்கும் இது கூடும். மாதவிடாய் நாட்களில் கூடும். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் கூடும். கருப்பையில் வரும் சாதாரணக் கட்டி, ஈரல் நோய், வயிற்றுக்குள் வரும் காசநோய் ஆகியவற்றிலும் கூடும். வயிற்று உறுப்புகளைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் எது உரசினாலும் இந்தப் புரதம் இரத்தத்தில் ஏறக்கூடும்.

இதை நான் விரித்து எழுதக் காரணம் உண்டு. ராத்தாவுக்கு நோய் என்று தெரிந்ததும் எங்கள் குடும்பத்துப் பெண்கள் ஏழு பேர் ஒரே நாளில் தனியார் ஆய்வுகூடமொன்றுக்குப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். டொக்டர் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பயம் எழுதிக் கொடுத்தது. ஆறு பேருக்கு எண் குறைவு. ஏழாவது ஆள் என் தங்கையின் மகள், 27 வயது, நிக்காஹ் பேசி நாளும் குறித்தாகிவிட்டது. அவளுக்கு 64. அன்றிரவு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. தங்கை என்னிடம் வந்து முதலில் கேட்டது நோயைப் பற்றி அல்ல. "மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லாம இருந்தா குற்றமா காக்கா?" என்றுதான் கேட்டாள்.

மருமகனுக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதற் கேள்வி, "எந்த நாளில் இரத்தம் கொடுத்தாள்?" மாதவிடாயின் இரண்டாம் நாள். பிறகு ஸ்கேன் செய்தார்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். கருப்பையின் உட்புறத்தில் மட்டும் இருக்க வேண்டிய படலம் வெளியேயும் படிந்து மாதாமாதம் வேதனை கொடுக்கும் வியாதி. பாடசாலைக் காலம் தொட்டே ஒவ்வொரு மாதமும் இரண்டு நாள் சுருண்டு படுத்துக்கொள்வாள் அந்தப் பிள்ளை. "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லியே பத்து வருடங்களை ஓட்டிவிட்டார்கள். அந்த வேதனைக்கு வைத்தியம் கிடைத்தது. நிக்காஹும் குறித்த நாளில் நடந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

அப்படியானால் எல்லாப் பெண்களுக்கும் வருடம் ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்தால் நோயை முன்கூட்டியே பிடித்து உயிரைக் காக்கலாமே என்று கேட்கத் தோன்றும். பிரித்தானியாவில் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 2001 முதல் 2005 வரை, 50 முதல் 74 வயது வரையிலான 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு வருடாவருடம் சி.ஏ. 125 பார்த்தார்கள், இன்னொரு பகுதியினருக்கு ஸ்கேன் செய்தார்கள், மிகுதிப் பேருக்கு எதுவும் செய்யவில்லை. நீண்ட காலம் அவர்களைப் பின்தொடர்ந்து 2021ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். இரத்தம் பார்த்த பிரிவில் ஆரம்ப நிலையில் பிடிபட்டவர்கள் கூடினார்கள். ஆனால் இந்த நோயால் இறந்தவர்களின் தொகை எந்தப் பிரிவிலும் குறையவில்லை. அறிகுறி எதுவுமில்லாத பெண்கள் கடைக்குப் போவது போல ஆய்வுகூடத்துக்குப் போய் இதைச் செய்துகொள்ள வேண்டியதில்லை என்று வைத்தியர்கள் சொல்வது இதனால்தான்.

பிறகு எதற்கு இந்தச் சோதனை? அறிகுறி உள்ளவரிடம் ஸ்கேனோடு சேர்த்துப் பார்ப்பதற்கும், நோய் உள்ளவரிடம் சிகிச்சை வேலை செய்கிறதா என்று கவனிப்பதற்கும் இது மிக உதவியானது. ராத்தாவின் 1140 மூன்றாவது கீமோவுக்குப் பிறகு 90 ஆனது, ஆறாவது முடிந்தபோது 18 ஆனது. டொக்டர் பார்ப்பது அந்த இறக்கத்தைத்தான். எங்கள் பாஷையில் சொன்னால் இது கரீனா. ஒன்றைச் சுட்டிக்காட்டும் அடையாளம். கரீனாவைக் கண்டால் காழி விசாரிக்கத் தொடங்குவார், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதமாட்டார். சாட்சியாக வருவது, வெட்டியெடுத்த சதைத் துண்டை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்கும் பரிசோதனை.

கே.ஐ. 67 அந்தச் சதைத் துண்டில் பார்க்கும் புரதம். இதன் பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்தும் ஜேர்மனியின் கீல் நகரத்தைக் குறிப்பவை. 1983ஆம் ஆண்டு அதைப் பற்றி முதலில் எழுதியவர்கள் அந்த நகரத்தவர்கள். 67 என்பது அவர்களது சோதனைத் தட்டில் இருந்த குழியின் இலக்கம். பெயருக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஒரு கலம் இரண்டாகப் பிரியும் வேலையில் இருக்கும்போது இந்தப் புரதம் அதன் கருவில் இருக்கும். ஓய்ந்திருக்கும் கலத்தில் இராது. சாயம் ஏற்றிப் பார்த்தால் வேலையில் உள்ள கலங்கள் கபில நிறமாகத் தெரியும். நூற்றுக்கு எத்தனை என்று எண்ணி எழுதுகிறார்கள். 70 வீதம் என்றால் கட்டி வேகமாக வளரும் வகை. வேகமாகப் பிரியும் கலங்களைத்தான் கீமோ மருந்து அதிகம் தாக்கும் என்பதையும் மருமகன் சொன்னார். எங்கள் வீட்டில் அழுதவர்கள் அந்த இரண்டாவது செய்தியைக் கேட்பதற்கு முன்பே அழுது முடித்திருந்தார்கள்.

என்னை அதிகம் சிந்திக்க வைத்த புரதம் ரிப்போட்டில் எண்ணாக எழுதப்படாத ஒன்று. அதன் பெயர் வி.இ.ஜி.எஃப். இரத்தக் குழாய்களை வளரச் செய்யும் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் தண்ணீர் ஏன் கட்டியது என்று நான் கேட்டபோது மருமகன் இதைச் சொன்னார்.

இந்தக் கதை 1960களின் ஆரம்பத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடமொன்றில் தொடங்குகிறது. யூதா ஃபோக்மன் என்ற இளம் சத்திரசிகிச்சை வைத்தியர், வெட்டியெடுத்த தைரொயிட் சுரப்பியைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, திரவம் செலுத்தி உயிரோடு வைத்திருந்து, அதில் புற்றுக் கலங்களை இட்டுப் பார்த்தார். கட்டிகள் ஒன்று, இரண்டு மில்லிமீற்றர் அளவுக்கு, ஏறக்குறைய ஒரு எள்ளளவுக்கு வளர்ந்து அப்படியே நின்றுவிட்டன. அதே கட்டியை உயிருள்ள எலியின் உடலில் வைத்ததும் மளமளவென்று பெருத்தது. வித்தியாசம் என்ன? எலியின் உடலில் புதிய இரத்தக் குழாய்கள் கட்டிக்குள் வளர்ந்து வந்தன, பாத்திரத்தில் வரவில்லை. கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து இரத்தக் குழாய்களைத் தன்னிடம் அழைக்கிறது, அந்த அழைப்பைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று 1971ஆம் ஆண்டு அவர் எழுதினார். பல வருடங்கள் யாரும் அதைப் பெரிதாக நம்பவில்லை.

இந்த ஃபோக்மன் ஒரு யூத மதகுருவின் மகன். சிறு வயதில் தகப்பன் நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போவாராம். அப்படிப் போய்த்தான் டொக்டராகும் ஆசை வந்ததாம். நோயாளியைப் போய்ப் பார்ப்பதை ஒரு கடமையாக்கியுள்ள சமூகம் நாங்கள். நமது வீடுகளில் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

ஃபோக்மன் தேடிய பொருள் இரண்டு வழிகளில் அகப்பட்டது. 1983ஆம் ஆண்டு பொஸ்டன் நகரில் சென்ஜர், டிவோரக் என்ற இருவரும் அவர்களோடு இருந்தவர்களும் கினிப்பன்றிகளின் வயிற்றில் புற்றுக்கட்டியால் தண்ணீர் சேர்வது எப்படி என்று ஆராய்ந்தார்கள். இரத்தக் குழாயின் சுவரை ஒழுகச் செய்யும் ஒரு புரதத்தைக் கட்டி சுரப்பதைக் கண்டார்கள். 1989இல் கலிபோர்னியாவில் நெப்போலியோனே ஃபெராரா என்பவரின் குழு, இரத்தக் குழாய்களை வளரச் செய்யும் புரதத்தைப் பிரித்தெடுத்தது. பார்த்தால் இரண்டும் ஒன்றே! குழாயை வளர்ப்பதும் அதுதான், குழாயை ஒழுகச் செய்வதும் அதுதான்.

கட்டியின் நடுப்பகுதியிலுள்ள கலங்களுக்கு ஒட்சிசன் போதாமல் போகும்போது அவை இந்தப் புரதத்தை வெளியே விடுகின்றன. அது பக்கத்திலுள்ள இரத்தக் குழாயின் சுவரில் போய் ஒட்ட, அந்தச் சுவரிலிருந்து முளைவிட்டுப் புதிய குழாய் கட்டியை நோக்கி வளர்கிறது. அவசரத்தில் கட்டிய வீடு மழைக்கு ஒழுகுவது போல, இந்தப் புதுக் குழாய்களும் கோணல்மாணலாய் ஒழுகிக்கொண்டிருக்கும். ஒழுகும் நீர் வயிற்றுக்குள் சேர்கிறது. அது வடிந்து போகும் வழிகளையும் புற்றுக் கலங்கள் அடைத்துவிடுகின்றன. நாங்கள் வாயு என்று இஞ்சி கொடுத்ததும், சட்டை இறுகியதும், கஞ்சி உள்ளே போகாததும் இதனால்தான்.

இன்னொன்றைக் கேட்டபோது நான் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். இந்தப் புரதம் நோய்க்கென்று உண்டானதல்ல. கர்ப்பத்தில் குழந்தைக்கு இரத்தக் குழாய்கள் வளர்வது இதனால். காயம் ஆறுவதற்கும் இது வேண்டும். வளர்ந்த ஒருவரின் உடலில் புதிய இரத்தக் குழாய்கள் உருவாவது அபூர்வம். அதற்கு விலக்கான இடங்களில் ஒன்று சூலகமேதான். மாதந்தோறும் முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு திரள் உருவாகிறது. அதற்குள் சில நாட்களில் இரத்தக் குழாய்கள் அடர்த்தியாக வளர்கின்றன. கர்ப்பம் தரிக்காவிட்டால் இரண்டு கிழமையளவில் திரளும் குழாய்களும் சுருங்கி மறைந்துவிடுகின்றன. கருப்பையின் உட்படலத்திலும் இப்படியே மாதாமாதம் வளர்ந்து உதிர்கிறது. நாங்கள் கிதாபில் ஹைழ் என்று படிக்கும் இரத்தத்துக்குப் பின்னால் இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அல்லாஹ் அளவு வைத்த காரியம். கட்டி செய்வதெல்லாம் தொடங்கும் கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு நிற்கும் கட்டளையை விட்டுவிடுவதுதான்.

அழைப்பைத் தடுக்கலாம் என்று ஃபோக்மன் சொன்னது மருந்தாகவும் வந்தது. பெவாசிசுமாப் என்பது அதன் பெயர். வி.இ.ஜி.எஃப். புரதத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும் மருந்து. 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதலில் குடல் புற்றுநோய்க்கு அனுமதித்தார்கள். சூலகப் புற்றுநோயில் 1,873 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு நோய் மீண்டும் தலைதூக்க நடுத்தரமாக 10.3 மாதம், இந்த மருந்தைச் சேர்த்து, தொடர்ந்தும் பெற்றவர்களுக்கு 14.1 மாதம். ஆனால் மொத்த ஆயுளில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது தெளிவான வித்தியாசம் காணப்படவில்லை. நோய் அதிகம் பரவியவர்களுக்கும் வயிற்றில் தண்ணீர் கட்டியவர்களுக்கும் பயன் கூடுதல் என்று கருதுகிறார்கள். யாருக்கு இது வேலை செய்யும் என்று முன்கூட்டியே காட்டக்கூடிய உறுதியான அடையாளப் புரதம் இன்னும் அகப்படவில்லை.

விலை கூடிய மருந்து. பிரசரை ஏற்றும், சிறுநீரில் புரதத்தை வெளியேற்றும், அபூர்வமாகக் குடலில் துவாரம் விழும், காயம் ஆறத் தாமதமாகும். ஆதலால் இந்த மருந்து எடுப்பவர்கள் ஒரு பல் பிடுங்குவதானாலும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். ராத்தாவுக்கு ஏற்கனவே பிரசர் இருந்தது. அதை முதலில் அடக்கிவிட்டுத் தொடங்கினார்கள். "இது நோயை அடியோடு எடுக்கும் மருந்தல்ல, தள்ளிப்போடும் மருந்து" என்று டொக்டர் ராத்தாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். கூட இருந்த எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ராத்தாவோ, "தள்ளிப்போட்டாப் போதும் டொக்டர். சின்னவளுட நிக்காஹ் முடியட்டும்" என்றார்.

அந்தச் சின்னவளைப் பற்றித்தான் நான் சொல்ல வந்த முக்கியமான விடயமும். ராத்தாவுக்கு மூன்று பெண் பிள்ளைகள், ஒருத்தி குமர். வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசி, வெளியே "வயிற்றில் சாதாரணக் கட்டி, எடுத்தாச்சு" என்று சொல்வதென முடிவெடுத்தார்கள். ஊருக்குச் சொல்லாதது அவர்கள் உரிமை. எவருடைய நோயையும் சந்தியில் போட்டுப் பேசக் கடமையில்லை. ஆனால் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிவைத்தார்கள். அங்கே நான் மறுத்தேன். சூலகப் புற்றுநோய் வந்தவர்களில் 10 வீதத்துக்கு மேற்பட்டோரிடம் பெற்றோர் வழியாக வந்த மரபணுக் குறைபாடு இருக்கிறது. பி.ஆர்.சி.ஏ. என்பது அவற்றில் முக்கியமானது. முதலாவது 1994இலும் இரண்டாவது 1995இலும் கண்டுபிடிக்கப்பட்டது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அது உள்ள பெண்ணுக்கு மார்புப் புற்றுநோயும் சூலகப் புற்றுநோயும் வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு கூட. தெரிந்தால் செய்யக்கூடியவை இருக்கின்றன, தெரியாதவள் என்ன செய்வாள்? தாய்க்கு என்ன நோய் என்று தெரியாத பெண், நாளை டொக்டர் "குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா?" என்று கேட்டால், இல்லை என்றுதான் தலையாட்டுவாள்.

வெட்கம் என்பார்கள். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் பாராட்டியது நமக்குத் தெரியும். அந்தப் பெண்கள் நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். நமது வீட்டில் தாய் மகளிடம் சொல்வதற்கு வெட்கம் என்றால் அதற்கு எங்கே ஆதாரம் இருக்கிறது?

பிள்ளைகளுக்குச் சொன்னது ராத்தாதான். ஓர் அஸருக்குப் பிறகு மூவரையும் கட்டிலில் இருத்தி, ரிப்போட்டைக் கையில் கொடுத்து, எந்த எண் எதற்கு என்று நான் சொன்னதையெல்லாம் தன் பாஷையில் சொல்லிக் கொடுத்தார். ராத்தாவுக்கு மரபணுச் சோதனை செய்தபோது குறைபாடு இருக்கவில்லை. சின்னவளின் நிக்காஹ் 2024இல் முடிந்தது. இதை எழுதும் இன்று ராத்தா இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தம் பார்க்கிறார். பார்ப்பதற்கு முந்திய இரவு நித்திரை வருவதில்லை என்கிறார். அதற்கு என்னிடம் மருந்தில்லை. வித்ருக்குப் பிறகு சற்று நேரம் போனில் பேசிக்கொண்டிருப்பேன்.

இந்த நோயுள்ள சகோதரிகள் சிலர் பிறகு என்னிடம் கேட்டனுப்பிய கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கீமோ நடக்கும் காலத்தில் டொக்டர் நோன்பு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சுகம் வரும் நம்பிக்கை இருந்தால் பிறகு களா செய்யலாம். இனி இயலாது என்று நம்பகமான வைத்தியர் சொன்னால் நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம் பித்யா. கீமோவில் முடி முழுதும் உதிர்ந்தவர் வுழூவில் தலையின் தோலில் மஸ்ஹு செய்தாற் போதும். சத்திரசிகிச்சையில் இரண்டு சூலகங்களையும் கருப்பையையும் எடுத்துவிட்டால் அதன் பின் ஹைழ் கிடையாது. விதவையானால் இத்தா எல்லோரையும் போல நாலு மாதம் பத்து நாள்தான், தலாக்கின் இத்தா மாதக் கணக்கில் மூன்று.

வயிற்றுத் தண்ணீரை வடிக்கும் குழாயைப் பற்றி முதலில் கேட்டவர் ராத்தா. சத்திரசிகிச்சைக்கு முந்திய கிழமை, விலாப் பக்கம் மெல்லிய குழாய் போட்டுப் பையொன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். "தம்பி, இதுல ஓயாம வடியுது. வுழூ நிக்குமா?" என்றார். முன், பின் துவாரங்கள் அல்லாத இடத்தால் வெளியாவது நமது மத்ஹபில் வுழூவை முறிக்காது, எழும்ப இயலாவிட்டால் உட்கார்ந்து தொழுங்கள் என்றேன். மகள் கட்டிலைக் கிப்லாப் பக்கம் திருப்பிக் கொடுத்தாள். ராத்தா லுஹர் தொழுது ஸலாம் கொடுக்கும் வரை காத்திருந்து, தாதி வந்து பையிலிருந்த அளவை எழுதிக்கொண்டு போனார். நாலரை லீற்றர்.